நிலக்கோட்டையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவர்களுக்கு

நிலக்கோட்டை பேருந்து நிலையத்தைச் சுற்றியும், பூ மார்க்கெட் பக்கமும், வத்தலக்குண்டு சாலை, அணைப்பட்டி சாலை ஓரங்களிலும் டீக்கடை, பலகாரக்கடை, பரோட்டாக்கடை, பேக்கரி நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், அந்தக் கடைகளில் கரண்டி பிடிக்கும் மாஸ்டர்களுக்கும் எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடைகளில் டீ குடிக்கும் கைகளில்தான் இத்தனை வருடம் ஊசி குத்தி ரத்தம் எடுத்திருக்கிறேன். பூப்பறிக்கிறவர்கள், பூக்கடைக் கமிஷன்காரர்கள், சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வாத்தியார்கள் என்று ஊரே அதில் அடக்கம். இந்த மடல் அவர்களுக்காக உங்களிடம் வைக்கும் வேண்டுகோள். அவர்கள் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்கள் பிழைப்பு நன்றாக நடக்க வேண்டும். சட்டியில் எந்த எண்ணெய் கொதிக்கிறது, அது எத்தனை நாள் கொதிக்கிறது என்பதைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். ஏனென்றால் அது உங்கள் கையில் இருக்கிறது. சாப்பிடுகிறவர் கையில் இல்லை.

கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் சொன்னது ஒன்றுதான். “சார், முட்டையை விட்டுட்டேன், கறியை விட்டுட்டேன், இன்னும் குறையலையே!” சாயங்காலம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், “ஒண்ணும் இல்ல சார், டீயோட ரெண்டு வடை” என்பார்கள். அந்த இரண்டு வடையை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. விடியற்காலையில் பூக்கூடையோடு வந்து இறங்குகிறவர் வெறும் வயிற்றில் ஒரு டீ, இரண்டு வடை. பத்து மணிக்கு இன்னொரு டீ, ஒரு போண்டா. சாயங்காலம் பஜ்ஜி. ராத்திரி வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகளுக்குப் பரோட்டா பார்சல். இவர் முட்டையை விட்டு என்ன பயன்?

கொலஸ்ட்ரால் என்றாலே விஷம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் அது தேவை. சில ஹார்மோன்களுக்கும் பித்த நீருக்கும் அதுவே மூலப்பொருள். நமக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரித்துக்கொள்கிறது. அதனால் சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ராலைவிட, சாப்பாட்டில் வரும் கொழுப்பு எந்த வகை என்பதே ரத்தத்தில் அதிகம் பேசுகிறது. ஒரு முட்டை மஞ்சள் கருவில் 180 மில்லிகிராமை ஒட்டிக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற பழைய எண்ணிக்கையை அமெரிக்க உணவு வழிகாட்டுதல் 2015-ல் எடுத்தே விட்டது. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் முட்டையில் அளவோடு இருக்கட்டும். மற்றவர்களுக்கு அவித்த முட்டை ஒன்று பெரிய எதிரி இல்லை. அதே முட்டையை மாவில் முக்கி, நாள்பட்ட எண்ணெயில் பொரித்து முட்டை போண்டாவாகத் தரும்போது கதை வேறு.

கல்லீரல் செல்களின் மேல், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்காவின் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாமாயில், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால் இந்த ஏற்பிகள் குறைகின்றன. கல்லீரல் எல்டிஎல்லை இழுக்காமல் விட, அது ரத்தத்திலேயே சுற்றுகிறது. சுற்றுகிற எல்டிஎல் ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் புகுந்து தங்கி, ஆக்சிஜனால் கெட்டுப்போகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பு நிறைந்து அங்கேயே படிந்துவிடுகின்றன. இப்படி இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் வளர்ந்த படிவு ஒரு நாள் வெடிக்கலாம். வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். அதுதான் மாரடைப்பு. அன்று காலையில் சாப்பிட்ட வடையால் அது வந்துவிடவில்லை. ஆனால் இருபது வருடம் தினமும் சாப்பிட்ட வடைக்கு அதில் பங்கு உண்டு.

பரிசோதனைக் கூடத்தில் கண்ட ஒரு காட்சியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எடுத்த ரத்தத்தைச் சிறிது நேரம் உறைய வைத்து, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுற்றினால் சிவப்பணுக்கள் குழாயின் அடியில் இறங்கிவிடும். மேலே சீரம் நிற்கும். நல்ல சீரம் வெளிர் மஞ்சளாக, அதன் வழியே எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். சிலருடையது பால் ஊற்றிய தண்ணீர் போல வெள்ளையாக வரும். ஆள் எதிரே நன்றாகத்தான் உட்கார்ந்திருப்பார், “என்ன சார், சுகர் எவ்வளவு?” என்று கேட்டபடி. வெள்ளையாகத் தெரிவது டிரைகிளிசரைடு. அதை ஏற்றுவதில் எண்ணெயைவிட மைதாவுக்கும் சர்க்கரைக்கும் மதுவுக்கும், கட்டுப்படாத சர்க்கரை நோய்க்கும் பங்கு அதிகம். எல்டிஎல் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. 180 எல்டிஎல் உள்ளவரின் சீரமும் தெளிவாகவே நிற்கும். உடம்பில் ஒரு வலியும் இருக்காது. அதனால்தான் யாரும் நம்புவதில்லை.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வெளியானது. மாரடைப்புக்கான காரணங்களில் புகைபிடித்தலும் ரத்தக் கொழுப்புக் கோளாறும் முன்னே நின்றன. அந்த ஆய்வில் மற்ற நாட்டினர் ஏறத்தாழ 59 வயதில் முதல் மாரடைப்பைச் சந்தித்தபோது, தெற்காசியர்களுக்கு அது 53-லேயே வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆய்வு மையமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய இண்டியாப் ஆய்வு 2023-ல் வந்தது. அதில் 81.2 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வகையில் ரத்தக் கொழுப்பு சரியில்லை. மூன்றில் இரண்டு பேருக்கு எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு குறைவு. நம் ஆட்களுக்கு இயல்பாகவே உள்ள பலவீனம் இது. பலவீனம் உள்ள இடத்தில் கூடுதலாக ஏற்றாமல் இருப்பதுதான் முறை.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன்.

உங்களில் பெரும்பாலோர் பாமாயில் டின்தான் வாங்குகிறீர்கள். ஏன் வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விலை குறைவு. வாடை இல்லை. சட்டியில் நின்று உழைக்கும், சீக்கிரம் பொங்காது, வடை மொறுமொறுப்பாக இருக்கும். மாஸ்டருக்கு அது சௌகரியமான எண்ணெய் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த உழைப்புக்குக் காரணமே அதன் நிறைவுற்ற கொழுப்புதான். பாமாயிலில் ஏறத்தாழ பாதி அதுவே. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். நல்லெண்ணெயில் இன்னும் குறைவு. அரிசித் தவிட்டு எண்ணெயில் ஐந்தில் ஒன்றைச் சற்றுத் தாண்டும். டின்னின் மேல் “கொலஸ்ட்ரால் இல்லாதது” என்று அச்சடித்திருப்பார்கள். அது பொய் இல்லை, எந்தச் செடி, மரத்து எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் அந்த எண்ணெய் கல்லீரலின் ஏற்பிகளைக் குறைத்து ரத்தத்தில் கொலஸ்ட்ராலைத் தேங்க வைக்கும் என்பதை டின் சொல்வதில்லை.

நம் ஊர் வீடுகளின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். 2007 முதல் ரேஷன் கடையில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் மானிய விலையில் கிடைக்கிறது. ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் வீட்டிலும் பாமாயில், கடையிலும் பாமாயில் என்றால் அந்த உடம்பு எங்கே போகும்?

நம் தமிழர்கள் கணிசமாக வாழும் மொரீஷியஸ் தீவில் ஒரு காரியம் நடந்தது. அங்கேயும் மக்கள் சமைத்தது பெரும்பாலும் பாமாயில் கலந்த ரேஷன் எண்ணெயில்தான். 1987-ல் அரசு அந்த ரேஷன் எண்ணெயைச் சோயா எண்ணெயாக மாற்றியது. மக்களிடம் பழக்கத்தை மாற்றச் சொல்வதோடு நிற்கவில்லை, எண்ணெயையே மாற்றினார்கள். 1992-ல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 15 சதவீதம் இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தில் பாதியளவு எண்ணெய் மாற்றத்தால் விளைந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். மாத்திரை இல்லாமல், ஒரு நாட்டின் ரத்தமே மாறியது. நம் அரசும் ரேஷனில் கடலை எண்ணெய் தரலாம், விவசாயிகளும் அதைக் கேட்கிறார்கள். அது வரும் வரை வரட்டும். ஓர் ஊரின் சாயங்காலப் பலகாரத்தை மாற்ற அரசாணை தேவையில்லை. நீங்கள் போதும்.

எண்ணெயின் வகையைவிட என்னை அதிகம் கலங்கடிப்பது அதன் வயது. சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் சட்டியை நீங்களே ஒரு முறை உற்றுப் பாருங்கள். புது எண்ணெயில் வடையைப் போட்டால் குமிழி பெரிதாகக் கிளம்பி, ஈரம் வற்றியதும் அடங்கிவிடும். நாள்பட்ட எண்ணெயில் குமிழி பொடிப்பொடியாக நுரைத்து, வடையை எடுத்த பிறகும் சட்டி ஓரத்தில் நிற்கும். நிறம் கருப்பட்டிப் பாகைத் தொட்டிருக்கும். சட்டி விளிம்பில் விரலில் ஒட்டும் பிசின் வளையம் இருக்கும், சோடா உப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். ஜல்லிக் கரண்டியிலிருந்து சொட்டுவது இழையாக இறங்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், தூக்கிக் கொட்ட மனமில்லாமல் மேலே ஒரு லிட்டர் புது எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்டுகிறீர்கள். அப்படி ஊற்றும்போது புது எண்ணெயும் சீக்கிரமே கெடுகிறது. பழையதில் உள்ள சிதைந்த பொருள்கள் அதையும் இழுத்துக்கொண்டு போகின்றன.

சூடும் காற்றும் மாவில் உள்ள தண்ணீரும் சேர்ந்து எண்ணெயை உடைக்கின்றன. உடைந்த துண்டுகளைத் துருவச் சேர்மங்கள் என்கிறார்கள். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் சட்டம். உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்களிடம் அதை அளக்க ஒரு சிறு கருவி இருக்கிறது. சட்டியில் முனையை நனைத்தால் எண் காட்டிவிடும். இப்படிக் கெட்ட எண்ணெயின் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கக் கூடியவை. எல்டிஎல் தங்க வசதியான இடமும் புண்பட்ட சுவர்தான்.

சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிவிட்டதாகப் பெருமையாகச் சொல்லும் சில கடைகள் இருக்கின்றன. வீட்டில் தாளிக்க அது நல்ல எண்ணெய். ஆனால் அதில் உள்ள கொழுப்பு சூட்டில் சீக்கிரம் உடையக் கூடியது, மூன்று நாள் காய்ச்சினால் அதன் நல்ல குணம் எதுவும் மிஞ்சாது. செக்கு எண்ணெய் பலகை மாட்டியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்புதான். செக்குக் கடலை எண்ணெய் வாசனைக்கும் ருசிக்கும் அருமை, ஆனால் சுத்திகரித்ததைவிடச் சீக்கிரம் புகையும். ஆழமாகப் பொரிக்கச் சுத்திகரித்த கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ தாங்கும். அன்றைய சட்டியை அன்றோடு முடித்துவிடுங்கள். மிஞ்சியதை வடிகட்டி மறுநாள் தாளிக்க வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், திரும்பப் பொரிக்க வேண்டாம்.

பரோட்டாக் கல்லின் ஓரத்தில் டால்டா டப்பா வைத்திருக்கிறவர்களுக்கும் பப்ஸ் போடுகிற பேக்கரிக்காரர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி உறைய வைக்கும்போது பிறப்பது டிரான்ஸ் கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு ஒரு பக்கம் கெடுத்தால் இது இரு பக்கமும் கெடுக்கும், எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கும். 2011-ல் 10 சதவீதம் வரை இருக்கலாம் என்று தொடங்கிய கட்டுப்பாடு 5 ஆகி, 2021-ல் 3 ஆகி, 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாக இறுகியிருக்கிறது. அதனால் லேபிள் உள்ள கம்பெனி டால்டா முன்பைவிட நல்லதாகியிருக்கலாம். பெயரும் தேதியும் இல்லாமல் சில்லறையாக எடைபோட்டு விற்பதை நம்பாதீர்கள். டிரான்ஸ் கொழுப்பு குறைந்த இடத்தில் பல சமயம் பாமாயிலின் கெட்டிப் பகுதியைச் சேர்க்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பரோட்டாவுக்கு எண்ணெயே போதும். பழைய மாஸ்டர்கள் கடலை எண்ணெயில்தான் வீசினார்கள், அந்த ருசியை இன்றும் பெரியவர்கள் பேசுகிறார்கள்.

பிரியாணிக்காரர்களிடம் நீளமாகப் பேச மாட்டேன். சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் வாரம் ஒரு நாள் விஷயம். தம் உடைத்ததும் மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் ஒரு முறை வழித்தெடுத்துவிட்டுப் பரிமாறுங்கள். சால்னாவுக்கும் அதேதான்.

“சார் சொல்றது சரி, யார் காசு குடுக்குறது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வடை 8 கிராம் எண்ணெய் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 110 வடைக்குமேல் வரும். பாமாயிலுக்கும் கடலை எண்ணெய்க்கும் லிட்டருக்கு 60 ரூபாய் வித்தியாசம் என்றால், ஒரு வடைக்கு ஏறத்தாழ 55 காசு. தவிட்டு எண்ணெய் என்றால் அதைவிடக் குறையும். மிச்ச எண்ணெயைத் தினமும் ஒதுக்குவதால் வரும் நட்டத்தையும் சேர்த்தால் ஒரு ரூபாயைத் தொடலாம். சின்னச் சட்டியாக மாற்றினால் மிஞ்சுவதே குறையும். பெரிய சட்டியில் பாதி எண்ணெய் வெறுமனே கொதித்துக் கெடுகிறது. அந்த ஒரு ரூபாயை வடை விலையில் வைத்து, “தினமும் புது எண்ணெய்” என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். கூட ஒரு ரூபாய் கொடுக்க நம் ஊர்க்காரர் தயங்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன். அட்டை மாட்டும்போதே வடை வைத்துக் கொடுக்கும் பழைய செய்தித்தாள் கட்டையும் எடுத்துவிடுங்கள். வடையைத் தாளில் பிழிந்தால் எண்ணெய் கொஞ்சம் போகும், அச்சு மை உள்ளே வரும்.

மாஸ்டர்களே, தம்பிகளே, உங்களுக்கு என்று ஒன்று. நாள் முழுக்க அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நீங்கள். பசித்தால் கையில் கிடைப்பதும் அதே வடைதான். இடையிடையே பீடி, சிகரெட். உங்கள் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் வருத்தம். நாற்பதைத் தொடாதவர்களுக்கே ரத்தக் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது. 18 வயதிலேயே ஒரு முறை கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறது இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. சாதாரண ஆளுக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். டாக்டர் மாத்திரை எழுதினால் சாப்பிடுங்கள். ரிப்போர்ட்டில் எண் இறங்கியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நெஞ்சு வலி வந்தவர் ரோட்டில் போகும்போது முதலில் உட்காருவது உங்கள் பெஞ்சில்தான். “வாயுதான், ஒரு சோடா குடுங்க” என்பார். நீங்களும் கொடுப்பீர்கள். அந்த முகத்தை ஒரு முறை பாருங்கள். வேர்த்துக் கொட்டுகிறதா, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ இறங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா? சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மேல்வயிற்று அசௌகரியமும் களைப்பும் மட்டும் வரலாம். சோடாவை வைத்துவிட்டு 108-க்குப் போன் போடுங்கள், அல்லது இருக்கிற வண்டியில் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஏற்றி விடுங்கள். 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. அவற்றை அங்கே கொடுத்த பிறகு திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் சிகிச்சை கிடைத்தால்தான் இதயத் தசையை அதிகம் காப்பாற்ற முடியும். நீங்களாக மாத்திரை கொடுக்க வேண்டாம், நேரத்தைக் கொடுத்தால் போதும்.

கடைசியாக, ஒதுக்கிய எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது. சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். விலைக்குக் கேட்டு வருகிற யாரோ ஒருவரிடம் கொடுத்தால், அது வடிகட்டி வெளுத்து இன்னொரு தெருவோரச் சட்டிக்கே போய்ச் சேர வாய்ப்பு உண்டு. பயன்படுத்திய எண்ணெயை வாங்கி பயோடீசல் தயாரிக்கும் ஏற்பாட்டை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கியது. தினம் 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிற பெரிய கடைகள் 2019 மார்ச் முதல் கணக்கு வைத்து, அனுமதி பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே கொடுக்க வேண்டும். நம் ஊர்க் கடைகள் சின்னவை. ஒரு கடையில் மிஞ்சும் இரண்டு லிட்டருக்காக எந்த வண்டியும் வராது. பத்துக் கடை சேர்ந்தால் ஒரு நாளைக்கே ஒரு டின்னுக்கு மேல் தேறும். வணிகர் சங்கத்தில் பேசி, பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையிலும் பூ மார்க்கெட் பக்கம் ஒரு கடையிலும் பூட்டுப் போட்ட டிரம் வையுங்கள். ராத்திரி கடை அடைக்கும்போது ஆறிய எண்ணெயை அளந்து ஊற்றி, யார் எவ்வளவு என்று நோட்டில் குறியுங்கள். வாரம் ஒரு முறை வண்டி வந்து காசு கொடுத்து எடுத்துப் போகட்டும், காசை அளவுப்படி பிரித்துக்கொள்ளலாம். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். அதற்கான மனுவை எழுதித் தரவும், உங்களில் இரண்டு பேரோடு திண்டுக்கல் வரை வரவும் நான் தயார். சங்கக் கூட்டம் எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.